வெயில் ஏற ஏற ஏசி ஏன் தளர்கிறது?

கோடை உச்சத்தில் வீட்டு ஏசி குளிர்விக்காமல் போனால் முதலில் எழும் பேச்சு ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்பதுதான். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அதே கேஸ்தான் எந்திரத்தின் ஆயுள் முழுவதும் உழைக்கிறது. எங்காவது கசிந்தால் ஒழிய அது குறையாது. ஆகவே குளிர் குறைந்ததற்கான காரணத்தை முதலில் காற்றோட்டத்திலும், அடுத்து மின்சாரத்திலும், கடைசியாகவே கேஸிலும் தேட வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் குளிர்ச்சிக்குப் பெயர்போனது. தளிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்றே பெயர் உண்டு. ஓசூர்ப் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதே இதற்குக் காரணம். ஆனால் மாநில எல்லைக்கு அப்பால், ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ள பெங்களூரில் 2016 ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரல் இறுதியில் மீண்டும் 38 டிகிரியைத் தாண்டியது. மின்விசிறியை மட்டும் நம்பிக் கட்டிய வீடுகளில் இன்று ஏசி ஏறுகிறது. சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் உறங்குகிறவர்களுக்கு, எந்திரம் மிகவும் திணறும் நேரத்தில்தான் அதன் உதவி தேவைப்படுகிறது.

வெப்பத்தை இறைக்கும் எந்திரம்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து, அதைவிடச் சூடான வெளிக்காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பள்ளத்தில் இருப்பதை மேட்டுக்கு ஏற்றும் இந்த வேலை, மோட்டார் பம்பு வருவதற்கு முன் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிணறுகளில் நடந்த கவலை ஏற்றத்தை ஒத்தது. அறைதான் கிணறு, வெப்பம்தான் தண்ணீர். கேஸ், கிணற்றில் இறங்கி நிரம்பி ஏறும் சால். கம்ப்ரசர், வடத்தைப் பூட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் மாடுகள். வெளியே வைத்த அவுட்டோர் யூனிட், சால் கொட்டும் தொட்டி; அதைக் கடந்து வீசும் காற்று, அங்கிருந்து தண்ணீரைக் கொண்டுபோகும் வாய்க்கால்.

சாலை நிரப்புவதும் கவிழ்ப்பதும் அழுத்தம். ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அதன் மேலுள்ள அழுத்தமே தீர்மானிக்கிறது. இன்று பரவலாக உள்ள ஆர்-32 கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதையே 11 பார் அழுத்தத்தில் வைத்தால் 10 டிகிரியில் கொதிக்கும். 31 பார் அழுத்தத்தில் 50 டிகிரியில். இன்டோர் யூனிட்டின் காயிலில் குறைந்த அழுத்தம் நிலவுவதால் கேஸ் 10 டிகிரியில் கொதித்து, அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே தள்ளுகிறது. அங்கே அது 50 டிகிரியில் மீண்டும் திரவமாகி, சுமந்து வந்த வெப்பத்தை 35 டிகிரி வெளிக்காற்றிடம் விடுகிறது. குறுகிய கேப்பிலரிக் குழாயின் வழியே அழுத்தம் இறங்கி மறுபடியும் உள்ளே வருகிறது. கவலையின் கணக்கில், 10 டிகிரி என்பது கிணற்றின் நீர்மட்டம். 50 டிகிரி என்பது தொட்டியின் உயரம். இரண்டுக்கும் இடையிலுள்ள ஆழம் கூடக் கூட, ஒவ்வொரு சாலுக்கும் மாடுகள் அதிகம் உழைக்க வேண்டும். ஒரு நாளில் இறைக்கும் தண்ணீரும் குறையும்.

ஏசியின் திறனைச் சொல்லும் ‘டன்’ என்ற அளவு பனிக்கட்டி வணிகக் காலத்தின் எச்சம். 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி இருந்தது. 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். இன்றைய அளவில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். அக்கணக்கில் 1.5 டன் என்றால் 5.3 கிலோவாட் இருக்க வேண்டும். கடையில் 1.5 டன் என்று விற்கும் பலவற்றின் நட்சத்திர லேபிளில் 5,000 வாட்டுக்கும் குறைவான எண்ணே இருக்கும். நம்ப வேண்டியது விளம்பரத்தை அல்ல, அந்த எண்ணை. அதுவும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. 40 டிகிரியில் அந்த அளவு கிடைக்காது.

பழுது எந்திரத்திலா, அறையிலா?

முதல் சோதனைக்குச் சாதாரண வெப்பமானி போதும். ஏசியை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, இன்டோர் யூனிட்டின் மேற்புறம் உள்ளிழுக்கும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் எந்திரம் தன் வேலையைச் செய்கிறது; அறைக்குள் வரும் வெப்பம்தான் அதன் திறனை மிஞ்சுகிறது. நாள் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் மாடி, சில மணி நேரம் தாமதித்து மாலையில்தான் அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்கும். மாடிக்கு வெள்ளை பூசுவதும், தட்டு ஓடு பதிப்பதும், மேற்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து நிழல் தருவதும் இங்கே எந்த கேஸ் நிரப்பலையும்விடப் பயன் தரும்.

ரிமோட்டில் 16 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பதும் சாதாரண, ஒரே வேகத்தில் ஓடும் ஏசிகளில் உண்மையல்ல. அந்த எண் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் இயங்கத் தொடங்கும்போது 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி உள்ளது. வீட்டுக்கு அதுவே போதுமான தொடக்கம்.

வாய்க்கால் அடைபட்டால்

வேறுபாடு 8 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது அவுட்டோர் யூனிட். அறையிலிருந்து எடுத்த 5 கிலோவாட் வெப்பமும், கம்ப்ரசர் தின்ற ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் சேர்ந்து, ஏறத்தாழ 6.5 கிலோவாட் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே புழுதி படிந்தால் காற்று நுழையாது. கல் குவாரிகளும் டிப்பர் லாரிகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் கிரானைட் தூசியும், இலையுதிர் காட்டின் சருகும் ஒரே கோடையில் அந்த இடுக்குகளை நிரப்பிவிடும். 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் வெப்பத்தைச் சுமக்கும் காற்று குறைவாகவே கடந்து செல்கிறது.

வாய்க்கால் அடைபட்டால் தொட்டியில் தண்ணீர் தேங்கி மட்டம் உயர்வதுபோல, வெப்பம் வெளியேறாவிட்டால் கேஸ் திரவமாகும் வெப்பநிலை உயரும். அது 60 டிகிரிக்குப் போனால் ஆர்-32இன் அழுத்தம் 39 பார் ஆகிவிடும். கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். அதன் பாதுகாப்பு ஸ்விட்ச் இணைப்பைத் துண்டிக்கும். விசிறி மட்டும் ஓடும், அறையில் வெறும் காற்று வீசும். சூடு தணிந்ததும் கம்ப்ரசர் மறுபடி கிளம்பும், சிறிது நேரத்தில் மறுபடி நிற்கும். காலையிலும் இரவிலும் நன்றாக ஓடி, நண்பகலில் மட்டும் நின்று நின்று ஓடும் ஏசியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இன்வெர்ட்டர் ஏசியில் இதே சிக்கல் வேறு முகம் காட்டும்: அது நிற்காது, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குளிர் மெல்லத் தேயும்.

தீர்வு எளிது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, தகடுகள் வளையாத அளவுக்கு மென்மையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். குறுகிய பால்கனியிலோ கிரில்லுக்குப் பின்னாலோ அடைத்து வைத்த யூனிட், தான் வெளியே விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். அதற்கு இடமாற்றமே மருந்து.

பனி பிடித்த காயில் சொல்லும் செய்தி

இன்டோர் யூனிட்டின் காயிலில் பனி உறைந்திருந்தால், ஏசி அளவுக்கு மீறிக் குளிர்வதாகத் தோன்றும். உண்மையில் அது குளிர்விப்பது நின்றுபோனதன் அடையாளம். இந்த முரண்தான் ஏசியின் இயக்கத்திலேயே மிக அழகான பகுதி.

ஃபில்ட்டரில் தூசி அடைத்தால் காயிலைக் கடக்கும் அறைக்காற்று குறையும். ஊற்று தூர்ந்த கிணற்றில் சால் பாதிதான் நிரம்பும். மாடுகளோ பழைய வேகத்திலேயே இழுக்கும். கேஸைக் கொதிக்கவைக்கப் போதிய வெப்பம் வராதபோதும் கம்ப்ரசர் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் காயிலில் அழுத்தம் இறங்குகிறது. ஆர்-32இன் அழுத்தம் 8 பாருக்குக் கீழே போன உடனே அது பூஜ்ஜியத்துக்குக் கீழே கொதிக்கத் தொடங்கும். காற்றின் ஈரம் தகடுகளில் நீராக வடிவதற்குப் பதில் பனியாக ஒட்டும். பனி காற்றின் வழியை மேலும் அடைக்கும்; காற்று குறைய வெப்பம் குறையும், அழுத்தம் இன்னும் இறங்கும், பனி இன்னும் தடிக்கும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சி, காயில் முழுவதும் வெள்ளைச் சுவராகும்வரை நிற்காது. கவலையோடு பொருத்திப் பார்ப்பது இங்கே முடிகிறது. கிணற்றுச் சால் உறைந்து கிணற்றை அடைப்பதில்லை.

கேஸ் கசிந்து குறைந்தாலும் பனி பிடிக்கும். ஆனால் பிடிக்கும் இடம் வேறு. திரவம் குறைவாக வருவதால் அது காயிலின் முதல் சில வளைவுகளிலேயே முழுதும் கொதித்துத் தீர்ந்துவிடும். அந்த இடம் மட்டும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் உறையும். மிச்சக் காயில் உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் ஒல்லியான குழாயில் வெண்பனி தெரியும். மாறாக, காயில் முழுதும் ஒரே சீராகப் பனி பிடித்து, தடித்த குழாயும் உறைந்திருந்தால் குற்றம் காற்றோட்டத்தில். பனி எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, கேஸா காற்றா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மலைப்பகுதியில் பனி பிடிக்க ஒரு கூடுதல் காரணமும் உண்டு. பகல் வெயில் எப்படி இருந்தாலும், ஜவளகிரிப் பக்கத்துக் கோடை இரவுகளில் வெப்பம் நன்றாக இறங்கிவிடும். வெளியே குளிர்ந்தால் அங்கே கேஸின் அழுத்தம் தணியும். கேப்பிலரி வழியே உள்ளே தள்ளும் விசை குறையும். காயிலின் அழுத்தமும் கூடவே இறங்கும். அழுக்கு ஃபில்ட்டரோடு 18 டிகிரியில் விடியும்வரை ஓடும் ஏசி, வெளியே இதமாக இருக்கும் இரவில்தான் எளிதாக உறையும். வறண்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடிகுழாயில் தண்ணீர் குறைவாக வருவது மட்டும் பழுதல்ல. காற்றில் ஈரம் குறைவு என்பதே அதன் பொருள்.

பனி பிடித்தால் கத்தியால் சுரண்டக் கூடாது. செப்புக் குழாய் கிழியும். கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் சில மணி நேரத்தில் உருகிவிடும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்ட்டரைக் கழற்றிக் கழுவுவது பெரும்பாலான வீடுகளில் இந்தத் தொல்லையை வராமலே தடுக்கும்.

மின்சாரமும் கேஸும்

காற்றோட்டம் சீராக இருந்தும் கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் விசை ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும். கம்ப்ரசர் உறுமும், சுழலாது, பாதுகாப்பு ஸ்விட்ச் துண்டிக்கும். தோட்டங்களில் போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மட்டும் இப்படி நேர்ந்தால் காரணம் தெளிவு. அந்த வீட்டுக்கு ஸ்டெபிலைசர் தேவை. மின்னழுத்தம் சரியாக இருந்தும் உறுமல் மட்டும் கேட்டால், சூட்டில் வலுவிழந்த கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் தெரிந்தவரே தொட வேண்டும். இன்வெர்ட்டர் யூனிட்டின் மின்பலகையில் பல்லி நுழைந்து குறுக்குச் சுற்று ஏற்படுத்துவதும் கிராமப்புறங்களில் நடப்பதுண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஒல்லிக் குழாயில் பனியும் தெரிந்தால் கேஸ் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்தது என்றால் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். ஓட்டையை அடைக்காமல் ஊற்றும் கேஸ் மறுபடி வெளியேறும். கம்ப்ரசரைக் குளிர்விப்பதும் அதே கேஸ்தான். அது குறைந்து ஓடும் ஒவ்வொரு நாளும் கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும். கசிந்த ஆர்-32 ஒவ்வொரு கிலோவும் நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்குகிறது. அது எளிதில் பற்றாவிட்டாலும் எரியக்கூடியது. சில ஏசிகளில் உள்ள ஆர்-290 சமையல் எரிவாயுவைப் போலவே எரியும் புரொப்பேன். குழாயைத் திறக்கும் வேலை வீட்டார் செய்யக்கூடியதல்ல.

முறையான கேஸ் வேலைக்கு ஒழுங்கு உண்டு. நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அடைக்க வேண்டும். வாக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். யூனிட்டின் தகட்டில் அச்சிட்டுள்ள எடைக்குத் தராசில் நிறுத்துக் கேஸ் நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் ‘கொஞ்சம் கேஸ் டாப்-அப்’ என்று எழுதும் சர்வீஸ் பில்லுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. மெக்கானிக் கேஸ் சிலிண்டரைத் திறக்கும் முன் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கசிவு எங்கே? அதற்கு விடை கிடைக்கும்வரை கேஸ் நிரப்பச் சம்மதிக்க வேண்டாம்.