சம்பளம் பெறாத நண்பர்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் நீங்கள் மனம் விட்டுப் பேசியவர்களின் பெயர்களை அதில் எழுதுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் ஆகியோரின் பெயர்களை அடித்துவிடுங்கள். ஆசிரியர், மருத்துவர் போன்று உங்களைக் கவனிப்பதையே பணியாகக் கொண்டவர்களையும் அடித்துவிடுங்கள். மீதி எத்தனை பேர்? உங்களில் பெரும்பாலோருக்குச் சில பெயர்களாவது மிஞ்சும். அறிவுத்திறன் குறைபாடு உடைய ஒருவர் இதே பட்டியலைத் தயாரித்தால் பல வேளைகளில் ஒரு பெயரும் மிஞ்சுவதில்லை. அவரைச் சுற்றி ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் உறவினராக இருப்பார்கள். அல்லது சம்பளம் பெறுபவராக இருப்பார்கள்.

அறிவுத்திறன் குறைபாடு என்றால் என்ன? இதை மனநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உள்ளனர். மனநோய் எந்த வயதிலும் எவருக்கும் வரலாம். சிகிச்சையால் தணியவும் செய்யலாம். அறிவுத்திறன் குறைபாடோ வளரும் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70-க்குக் கீழ் இருந்தால் மட்டும் போதாது. பணத்தை எண்ணுதல், தனியே பயணம் செய்தல் போன்ற அன்றாடத் திறன்களிலும் பின்தங்கியிருந்தால்தான் மருத்துவர்கள் இதை உறுதி செய்வர். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வரும் டவுன் நோய்க்குறி, கருவுற்ற தாய்க்கு ஏற்படும் அயோடின் பற்றாக்குறை, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமை எனக் காரணங்கள் பல. பெரும்பான்மையோருக்கு இக்குறைபாடு லேசானதே.

அமெரிக்காவில் கென்னடி குடும்பத்தின் கதை பலரும் அறிந்தது. அதிபர் ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு இக்குறைபாடு இருந்தது. 1941-இல், அவருக்கு 23 வயதானபோது, மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் லோபாட்டமி என்னும் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் அவரால் சரியாகப் பேசவோ நடக்கவோ இயலவில்லை. பல ஆண்டுகள் குடும்பம் அவரைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. 1962-இல் மற்றொரு சகோதரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அந்த மௌனத்தைக் கலைத்து ஒரு வார இதழில் எழுதினார். அதே ஆண்டுக் கோடையில், மேரிலாந்தில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு முகாம் நடத்தினார். நீச்சல், குதிரைச் சவாரி, பந்தாட்டம் எல்லாம் உண்டு. 1968-இல் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டது அம்முகாமே. என்னைக் கேட்டால், குதிரையையும் நீச்சல் குளத்தையும்விட அங்கே முக்கியமானது வேறொன்று: உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக வந்து, ஒரு குழந்தைக்கு ஒருவர் என்ற முறையில் பழகினார்கள்.

யூனிஸின் மகன் அந்தோணி, வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மாணவர் ஒருவரையும் அறிவுத்திறன் குறைபாடு உடைய ஒருவரையும் நண்பர்களாக இணைத்துவிடும் 'பெஸ்ட் படீஸ்' என்னும் அமைப்பை 1989-இல் அவர் நிறுவினார். பாடம் சொல்லித்தர வேண்டாம், பயிற்சி அளிக்க வேண்டாம். சேர்ந்து திரைப்படம் பார்ப்பது, சாப்பிடப் போவது, தொலைபேசியில் பேசுவது, இவ்வளவே. இன்று அது அமெரிக்கா முழுவதும், வேறு பல நாடுகளிலும் நடைபெறுகிறது.

இதில் என்ன விஞ்ஞானம் என்று நீங்கள் கேட்கலாம். இரு பிரிவினரைச் சும்மா ஓரிடத்தில் கூட்டிவைத்தால் தப்பெண்ணம் குறைந்துவிடாது என்று உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். இருவரும் சமநிலையில் பழக வேண்டும். பொதுவான ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து முயல வேண்டும். நிறுவனமும் சமூகமும் அதற்கு ஆதரவு தர வேண்டும் என்பது அவர் கருத்து. விழா நாளன்று இனிப்புப் பொட்டலத்தோடு ஒரு விடுதிக்குப் போய், புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம். சமநிலை எங்கே?

சரி, நீங்கள் ஒருவரோடு நட்புக் கொள்ளப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் சங்கடம் பேச்சுதான். கேட்டதை மனத்தில் நிறுத்தி, பொருள் உணர்ந்து, விடையைச் சொற்களாக்க அவருக்குக் கூடுதல் நேரம் ஆகும். நாமோ இரண்டு விநாடி மௌனத்தைக்கூடப் பொறுக்க மாட்டோம். அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டு, அவரைத் தொடக்கத்துக்கே தள்ளிவிடுவோம். சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிவிட்டு, காத்திருங்கள்.

இன்னொன்று. "ஆமாம்", "இல்லை" என்று விடை வரும் கேள்விகளுக்கு இவர்களில் பலர் "ஆமாம்" என்றே சொல்லிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எதிரில் இருப்பவரை மகிழ்விக்கும் விருப்பமும், கேள்வி புரியாமையும் இதற்குக் காரணம். ஆகவே "பூங்காவுக்குப் போகலாமா?" என்பதைவிட "பூங்காவா, சினிமாவா?" என்று கேட்பது மேல். அப்படிக் கேட்டும் கடைசியாகச் சொன்னதையே சிலர் திருப்பிச் சொல்வதுண்டு. வரிசையை மாற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் பூங்கா வேண்டாம் என்றால் உங்களுக்குப் பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அவர் முப்பது வயதுக்காரர் என்றால் முப்பது வயதுக்காரரோடு பேசுவது போலவே பேசுங்கள். அவரைப் பற்றிய கேள்வியை அருகில் நிற்கும் தாயாரிடம் கேட்காதீர்கள்.

வயதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1983-இல் டவுன் நோய்க்குறி உடையவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகளே. இதய அறுவை முதலிய சிகிச்சைகள் பெருகியதால் இன்று அது 60-ஐ எட்டியுள்ளது. அதாவது, பெற்றோர் மறைந்த பின்னும் அவர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள். முன் சொன்ன தாளிலிருந்து அப்பா, அம்மா பெயர்கள் தாமாகவே அழிந்துபோகின்றன.

மாணவத் தொண்டர்களிடம் உள்ள பெரிய குறையும் இங்கேதான் வருகிறது. தேர்வு முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். வாராவாரம் வந்தவர் ஒருநாள் வராமற்போனால், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே மற்றவர் நினைக்கக்கூடும். நட்பு தொடங்கும்போதே எதுவரை இந்த ஊரில் இருப்பீர்கள் என்று சொல்லி, நாட்காட்டியில் அந்த மாதத்தைக் காட்டிவிடுங்கள். அடுத்து வரப்போகும் நண்பரை, நீங்கள் இருக்கும்போதே அழைத்துவந்து சேர்ந்து ஒரு தேநீர் அருந்துங்கள். போன பிறகு பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் அனுப்பிவிடுங்கள். அங்கே ஒருவர் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.