அடுத்த வீட்டு வாசலில் தொடங்கும் புனிதம்



புனிதர் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? ஒளிவட்டத்தோடு பீடத்தில் நிற்கும் சுரூபமா? அப்படியாயின், புனிதம் துறவிகளுக்கும் மறைசாட்சிகளுக்கும் உரியது, குடும்பச் சுமையைத் தாங்கும் நமக்கு அது எட்டாதது என்றே எண்ணியிருப்பீர்கள்.

திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. 1964 நவம்பர் 21 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, தன் ஐந்தாம் அதிகாரத்தில், கிறிஸ்தவர் அனைவரும் தத்தம் வாழ்க்கை நிலையிலேயே புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என எடுத்துரைக்கிறது. 2018 இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ஊக்கவுரையோ, பிள்ளைகளை அன்போடு வளர்க்கும் பெற்றோரையும் குடும்பத்துக்காக உழைப்போரையும் நம் அடுத்த வீட்டுப் புனிதர்களாகக் காட்டுகிறது.

அடுத்த வீடு! அங்கேதான் நம் சோதனையும் இருக்கிறது.

லேவியர் நூலின் 19 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாம் தூயவராயிருப்பதால் தம் மக்களும் தூயோராயிருக்க வேண்டும் எனக் கடவுள் கேட்கிறார். அதற்கு அவர் தரும் விளக்கமோ பெரும்பாலும் அன்றாட வாழ்வைப் பற்றியது. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு, கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராதே, பார்வையற்றவர் முன் தடைக்கல் வைக்காதே, தராசில் கள்ளம் செய்யாதே, பழிவாங்காதே, அயலாரையும் அந்நியரையும் உன்னைப்போல் நேசி. அந்தப் புனிதம் வயலிலும் சந்தையிலும் அயலார் வாசலிலும் வெளிப்பட வேண்டியது.

இவ்வதிகாரத்தை அம்பாறைக் கரையோரத்தில் நின்று வாசித்தால் ஒவ்வொரு வரியும் உயிர்பெறும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். மருதமுனையின் தறிகள், கல்முனையின் கடைத்தெரு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. இங்கே கத்தோலிக்கர் சிறு தொகையினர். அயலவரோ முஸ்லிம்களும் இந்துக்களும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறித்தது இம்மாவட்டத்தில்தான். 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரம் அனைவருக்கும் பொதுவாய் இருந்தது. துயரம் பொதுவானால் அன்பு செய்வது அவ்வளவு கடினமன்று. காயம் நம்முடையதாகவும், காயப்படுத்தியவர்கள் அயலவரின் சமயத்தைச் சொல்லிக்கொண்டவர்களாகவும் இருந்தால்?

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாள்களில் நம் உள்ளத்தில் எழுந்த கசப்பை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, சாய்ந்தமருதில் நிகழ்ந்ததையும் மறக்கக் கூடாது. அங்கே ஒரு வீட்டில் தாக்குதல்காரர்களின் கூட்டத்தினர் பதுங்கியிருந்தனர். ஐயம் கொண்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. சுற்றிவளைப்பின்போது வீட்டில் இருந்தோர் குண்டுகளை வெடிக்கவைத்தனர். ஆறு குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் மடிந்தனர். தம் உயிருக்கும் ஆபத்து என அறிந்தும் அந்த அயலவர் வாய்திறந்தனர்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் நினைவில் கொள்ளுங்கள். நம் சமயத்தைச் சார்ந்த போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி அரசன் செனரத் 1626 இல் அவர்களில் சுமார் 4,000 பேரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான் என வரலாறு கூறுகிறது. அக்குற்றத்தை அவர்களின் வழிவந்தோர் இன்று நம்மீது சுமத்தினால் அது நீதியா? இல்லையெனில், ஒரு சிலரின் கொடுமையை நாம் ஒரு சமூகத்தின்மீது சுமத்துவது மட்டும் எப்படி நீதியாகும்?

அன்பர்களே, மன்னிப்பு என்பது நீதியைக் கைவிடுவதன்று. உண்மை வெளிப்பட வேண்டும், குற்றவாளி விடை சொல்ல வேண்டும் எனக் கேட்பது பாதிக்கப்பட்டோரின் உரிமை. ஆயினும் நீதியைத் தேடும் இதயம் வெறுப்பைப் பேணும் இதயமாக மாறிவிடாதபடி காப்பதே புனிதத்தின் போராட்டம்.

இவ்வாரம் உங்கள் இல்லத்தில் ஒன்று செய்யுங்கள். பிள்ளைகள் கேட்க ஒரு சமூகத்தையே பழித்துரைக்கும் சொல்லை நிறுத்துங்கள். நீங்கள் விலகிப்போன ஒரு கடையின் படியை மீண்டும் மிதியுங்கள். நோயுற்ற அயலவர் ஒருவரை விசாரித்து வாருங்கள். ஒரே நாளில் தறியில் சேலை முழுதும் நெய்யப்படுவதில்லை. இழை இழையாகவே அது வளர்கிறது. புனிதமும் அவ்வாறே.

தூயவராம் ஆண்டவர் நம் கரங்களைப் பற்றி, அடுத்த வீட்டு வாசல்வரை நம்மை அழைத்துச் செல்வாராக!