தாயின் உயிருக்கு ஆபத்து என்றால்: கத்தோலிக்கப் போதனை எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது

2012 நவம்பரில் அயர்லாந்துத் தூதரை டெல்லியில் உள்ள வெளியுறவு அமைச்சகம் அழைத்துக் கவலை தெரிவித்தது. பெலகாவியிலிருந்து அங்கே போய்ப் பல் மருத்துவராக இருந்த சவிதா ஹலப்பனவர் 31 வயதில் இறந்திருந்தார். 17 வாரக் கர்ப்பம், பனிக்குடம் உடைந்துவிட்டது, கரு தங்காது என்பது தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டும், கருவின் இதயம் துடிக்கிறது என்று மருத்துவமனையில் மறுத்தார்கள். இது கத்தோலிக்க நாடு என்று மருத்துவச்சி ஒருவர் சொன்னதும் விசாரணையில் வெளிவந்தது. அக்டோபர் 28 அன்று ரத்தத்தில் தொற்று பரவி உயிர் போயிற்று.

அது அரசு மருத்துவமனை. கையைக் கட்டியது நாட்டின் சட்டம். ஆனாலும் தாய் செத்தாலும் கருவைத் தொடக் கூடாது என்பதுதான் கத்தோலிக்கப் போதனை என்று இங்கே பலர் எண்ணிக்கொண்டார்கள். போதனை அப்படிச் சொல்லவில்லை. தாயைவிடக் கருவின் உயிர் மேலானது என்று திருச்சபை என்றுமே போதித்ததில்லை என அயர்லாந்து ஆயர்களே அந்த மாதம் அறிக்கை விட்டார்கள்.

1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைத் தெளிவாக்கினார். தாயைக் காப்பாற்றத் தள்ளிப்போட முடியாத சிகிச்சை தேவை, வேறு வழியில்லை, அதனால் கரு இறக்கக்கூடும் என்றாலும் சிகிச்சை செய்யலாம். கருவின் சாவு யாரும் நாடாத பின்விளைவு. கருவை நேரடியாக அழிப்பதை மட்டும், தாயைக் காப்பதற்காகக்கூட, திருச்சபை ஏற்பதில்லை.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றால் கர்ப்பப்பையையே எடுக்கலாம். சிக்கல் கருக்குழாயில் கரு தங்கும்போது வருகிறது. குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். குழாயை வெட்டி எடுப்பதைக் கத்தோலிக்க அறநெறியாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் ஊசியால் கருவின் வளர்ச்சியை நிறுத்துவதில் அவர்களுக்குள்ளேயே உடன்பாடில்லை. இரண்டிலுமே கரு பிழைக்காது; ஊசியிலோ குழாயாவது மிஞ்ச வாய்ப்புண்டு. இந்த இடத்தில் போதனையின் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகிச்சை என்று எதுவுமில்லாமல், கர்ப்பமே உயிரைக் குடிக்கும் நிலை இன்னும் கடினம். 2009-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரக் கத்தோலிக்க மருத்துவமனையில், நுரையீரல் ரத்த அழுத்தத்தால் சாகக் கிடந்த 11 வாரக் கர்ப்பிணிக்குக் கருக்கலைப்பு செய்ய அருட்சகோதரி மார்கரெட் மக்பிரைட் சம்மதித்தார். தாய் பிழைத்தார். சகோதரி திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டதாக ஆயர் அறிவித்தார்.

சவிதாவின் மரணம் பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். தொற்றைச் சரியாகக் கண்காணிக்காததையும், இதயத்துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்ததையும் 2013 அறிக்கை சுட்டியது. அந்தக் காத்திருப்பைப் போதனையின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது.

தாய்மார்களைக் காக்கவே மருத்துவத்துக்கு வந்த கத்தோலிக்கத் துறவிகளும் உண்டு. டெல்லி ஓக்லாவில் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையைத் தொடங்கிய மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ் சபையை நிறுவியவர் அன்னா டெங்கல். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிய பெண்கள் பிரசவத்தில் மடிவதை ராவல்பிண்டியில் கண்ட மருத்துவர் அவர். துறவற சபைப் பெண்கள் பிரசவம் பார்ப்பதற்கு இருந்த தடையை வத்திக்கான் 1936-ல் நீக்கியது.

இந்தியச் சட்டத்தில் குழப்பமில்லை. தாயின் உயிரை உடனடியாகக் காக்க வேண்டுமென்றால் கருக்கலைப்புக்கான 24 வார வரம்பு பொருந்தாது. எந்த மருத்துவமனையில் பதிவு செய்தாலும், இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் வேறிடத்துக்கு அனுப்புவீர்கள் என்பதை முதல் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்.