தூக்கத்தில் எழுந்து ஓடிய மளிகைக்கடைக்காரர்! கை நடுங்கும் முன்பே வந்த அறிகுறி

அவருக்கு வயது 67. மளிகைக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம்.

ஒரு நாள் ராத்திரி அவருக்கு ஒரு கனவு. கையில் பந்தோடு ஓடுகிறார். எதிரே மலை மாதிரி ஒரு ஆட்டக்காரன். தோளால் ஒரே இடி!

கண் விழித்தால், படுக்கை அறை மேஜை முன்னால் நிற்கிறார். விளக்கும் கண்ணாடியும் கீழே கிடக்கின்றன. தலை சுவரில் மோதியிருந்தது.

1982-ம் ஆண்டு அவர் மின்னியாபொலிஸ் டாக்டர்களிடம் வந்தார். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கனவு வரும் தூக்கத்தில் எல்லோருக்கும் கை-கால் கட்டிப்போட்டது போல் ஆகிவிடும். அதனால்தான் கனவில் ஓடினாலும் பாயிலேயே கிடக்கிறோம். இவருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்து விட்டது. இப்படி 5 பேரைப் பற்றி டாக்டர் ஷெங்க், டாக்டர் மகோவால்ட் குழுவினர் 1986-ல் எழுதினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. இதே தொல்லை உள்ள 29 ஆண்களை அவர்கள் விடாமல் கவனித்தார்கள். 1996-ல் பார்த்தால், 11 பேருக்கு பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத வகை நோய்! 2013-ல், விவரம் கிடைத்த 26 பேரில் 21 பேருக்கு அதுவோ, அதன் பங்காளி நோய்களோ வந்துவிட்டன.

தூக்கத்தில் காலை உதைப்பவர்கள் எல்லாம் பயப்பட வேண்டாம். சில மாத்திரைகளாலும் இப்படி வரும். ஆனால் 50 வயதுக்கு மேல் அடி, உதை, கூச்சல் அடிக்கடி என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான்.

மூக்கும் வயிறும்

நடுக்குவாதம் என்றால் கைதான் ஞாபகம் வரும். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 பேரை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதியபோது, புலன்களுக்குப் பழுதில்லை என்றார். அங்கேதான் தவறினார். பலருக்கு முதலில் போவது மூக்கு. காபி வாசனை தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. தீராத மலச்சிக்கலும் பல வருஷம் முன்பே வரலாம்.

வீட்டில் சண்டை வருவது வேறு விஷயத்தால். "எப்பப் பாரு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு. பேசினாலும் பதில் இல்லே" என்பாள் மனைவி. பாவம், அவர் கோபிக்கவில்லை. முகத் தசை இறுகிவிட்டது. மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். அது மூளையில் நடக்கும் மாறுதலாலேயே வருவது, சோம்பேறித்தனம் அல்ல. சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றும்.

நடுக்கத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை இவற்றில் பலவற்றுக்குப் போதாது. தனி வைத்தியம் உண்டு. ஆனால் டாக்டரிடம் போனால் கையை மட்டும் நீட்டிக் காட்டுகிறோம். மலச்சிக்கலைச் சொல்ல வெட்கம். ராத்திரி கூத்தை அவரால் சொல்லவே முடியாது, அவர் தூங்கிக்கொண்டிருந்தாரே! பார்த்தவள் மனைவிதான். அவளையும் கூட அழைத்துப் போக வேண்டும்.

அதுவரை கட்டில் பக்கத்தில் கண்ணாடிச் சாமான், கூர்முனை மேஜை வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுத்தால் இன்னும் நல்லது.