கூலிப் பணம் போன கதை: கைப்பேசித் திருட்டைக் கண்டுகொள்வது எப்படி?

போன ஐப்பசி. மூன்றாவது சுற்று காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு முந்தலில் ஜீப்புக்காகக் காத்திருந்தேன். எங்கள் பகுதி விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "உங்கள் பி.எம். கிசான் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று மாலைக்குள் கேஒய்சி புதுப்பிக்கவும்." கூடவே ஒரு செயலி. அனுப்பியவர் எனக்கு நன்றாகத் தெரிந்த அண்ணன். இருபது வருசப் பழக்கம். அவர் அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும் என்று தொட்டேன்.

செயலி இறங்கியது. அரசு முத்திரை, பிரதமர் படம் எல்லாம் இருந்தது. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். ஆதார் எண், கைப்பேசி எண் கேட்டது, கொடுத்தேன். "வங்கிக் கணக்கைச் சரிபார்க்க" என்று ஏடிஎம் அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் கேட்டது. அதையும் கொடுத்தேன். ஜீப் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

மலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு வரும். சாயங்காலம் போடிக்கு இறங்கி, கூலி கொடுக்கலாம் என்று பணம் எடுக்கப் போனால் கணக்கில் 412 ரூபாய் இருக்கிறது. காலையில் ஜீப் வளைவு ஏறிக்கொண்டிருந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவையாக 86,500 ரூபாய் போயிருந்தது. எட்டுப் பேருக்கு இரண்டு வாரக் கூலி, ஸ்டோருக்கு விறகுக் காசு, தொழு உரத்துக்கு எடுத்து வைத்த முன்பணம் எல்லாம் அதில்தான் இருந்தது.

எனக்குச் செய்தி அனுப்பிய அண்ணனிடம் போனேன். "நான் எதுவும் அனுப்பலையேப்பா"ன்னார். முதல் நாளே அவர் போனைப் பிடித்துவிட்டார்கள். அவர் பெயரில் குழுவுக்கெல்லாம் அதுவாகவே போயிருக்கிறது. அவர் கணக்கிலும் பணம் போயிருந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. வாயைத் திறந்து கேட்டதால் எனக்குக் கொஞ்சம் மிஞ்சியது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அந்தச் செயலி என்ன செய்தது?

பின்னால்தான் விவரம் புரிந்தது. யுபிஐ ஒரு போனில் வேலை செய்ய வேண்டுமானால், அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். பிறகு ஏடிஎம் அட்டை விவரமும் ஓடிபியும் இருந்தால் புது பின் எண் போட்டுவிடலாம். நான் குறுஞ்செய்தி அனுமதி கொடுத்ததால், செயலியே என் சிம்மிலிருந்து செய்தியை அனுப்பி, வந்த ஓடிபியையும் அவர்களுக்குத் தள்ளிவிட்டது. அட்டை விவரத்தை நானே என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். நான் யாரிடமும் வாய்விட்டு ஓடிபி சொல்லவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது. "ஓடிபி சொல்லாதே" என்ற ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனிமேல் தப்பிக்க முடியாது.

இந்த மாதிரி பி.எம். கிசான் பெயரில் வரும் போலிச் செயலியைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவே எச்சரித்திருக்கிறது. ஏன் அந்தப் பெயரையே பிடிக்கிறார்கள்? வருசத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. தவணை வராமல் நின்றுபோன அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. கேஒய்சி செய்யச் சொல்வதும் உண்மைதான். நிஜத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற பொய்யைத்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

உண்மையான கேஒய்சிக்கு மூன்று வழிதான்: பி.எம். கிசான் தளத்தில் ஓடிபி வழியாக. பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய அரசுச் செயலியில் முகம் காட்டி. எதற்கும் ஏடிஎம் அட்டை எண் தேவையில்லை. சந்தேகம் வந்தால் 155261 என்ற எண்ணில் கேட்கலாம்.

2020-இல் நடந்ததை மறந்துவிட்டோமா?

இதே பி.எம். கிசானில் தமிழ்நாட்டில் 2020-இல் நடந்தது நினைவிருக்கும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் ஏறியது. சுமார் 5.5 லட்சம் பேர் தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டார்கள், 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று வேளாண் துறைச் செயலரே அறிவித்தார். சிபிசிஐடி விசாரித்தது. எப்படி நடந்தது? வேளாண் அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போனதுதான் வாசல். "கொரோனா உதவிப் பணம்" என்று நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் தரகர்களிடம் கொடுத்த ஏழைகளின் கணக்கிலிருந்து, பிறகு அந்தப் பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

அந்தச் சம்பவத்தில் பூட்டை உடைத்தவர் யாரும் இல்லை. சாவியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அலுவலருக்குக் கடவுச்சொல் எப்படியோ, நமக்கு ஓடிபி, பின் எண், அட்டை விவரம், ஆதார் நகல் எல்லாம் அப்படி.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. உழவர் தனி அடையாள எண் பதியும் முகாமில் ஓடிபி கேட்கிறார்கள், நாமும் சொல்கிறோம். அப்புறம் போனில் ஒருத்தன் கேட்டாலும் சொல்லிவிடத் தோன்றுகிறது. வித்தியாசம் இதுதான்: முகாமுக்கு நாமே தேடிப் போகிறோம், ஆள் எதிரில் இருக்கிறார், வந்த செய்தி எதற்கென்று படித்துவிட்டுச் சொல்கிறோம். நம்மைத் தேடி வருகிற அழைப்புக்கு ஓடிபி கிடையாது.

நேரடி விற்பனையில் வரும் வலை

போடி ஏல மையத்தில் 2007 முதல் கணினி வழி ஏலம் நடக்கிறது. அங்கே ஏலம் நடத்துபவருக்கும் வாங்குபவருக்கும் ஸ்பைசஸ் போர்டு உரிமம் வேண்டும். காய் யாருக்குப் போனது, காசு யார் தர வேண்டும் என்பதற்குத் தடம் இருக்கும். ஆனால் மருந்தடிக்காத காய்க்கு அங்கே தனி விலை கிடைப்பது அரிது. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் நேரடியாக விற்கிறோம். அந்த வழியில் வாங்குபவரைச் சலிக்கும் சல்லடை எதுவும் இல்லை. நாம்தான் சலிக்க வேண்டும்.

ஏல விலையின் ஆட்டமும் ஒரு காரணம். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. விலை விழுந்து கிடக்கும்போது "மொத்தமா எடுத்துக்கறேன், முன்பணம் இப்பவே போடுறேன்" என்று ஒரு குரல் வந்தால் மனசு இளகிவிடும். எங்கள் குழுவினர் பட்ட, பார்த்த வகைகள் இவை:

*பணம் வாங்க கியூஆர் கோடு.* "ராணுவ கேண்டீனுக்கு 20 கிலோ வேணும். முன்பணம் போடுறேன், இந்தக் கோட்டை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க." பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். இன்னொருவரிடமிருந்து பணம் கேட்டு யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியைத் தனிநபர்களுக்கு 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் வலை இன்னும் இருக்கிறது.

*கூடுதலாக விழுந்த பணம்.* "5,000க்குப் பதிலா 50,000 போட்டுட்டேன்ணே, ஆஸ்பத்திரிக் காசு, 45,000 திருப்பிப் போடுங்க." செய்தியும் வந்திருக்கும், ஆனால் அது வங்கியிலிருந்து வந்ததாக இருக்காது, ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும். குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம், கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே விழுந்திருந்தால், "உங்க பேங்க்ல சொல்லுங்க, பேங்க் மூலமா திருப்பிடலாம்" என்று சொல்லுங்கள்.

*வெளிநாட்டு வாங்குபவர்.* உழவர் குழுவின் மின்னஞ்சலுக்கு வரும். இரண்டு டன் இயற்கை ஏலக்காய், விலை சந்தையை விடக் கூடுதல், மாதிரிகூடக் கேட்க மாட்டார். கடைசியில் "பதிவுக் கட்டணம்" மட்டும் நாம் கட்ட வேண்டும். காயை முகர்ந்து பார்க்காமல் விலை சொல்கிற வியாபாரியைப் போடியில் பார்த்திருக்கிறோமா?

*சான்றிதழ் மிரட்டல்.* "உங்கள் அங்ககச் சான்று ரத்தாகப் போகிறது, 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் பணம் கட்டுங்கள்." அந்த இணைப்பைத் தொடாமல், உங்கள் சான்றிதழில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

*மாறிய கணக்கு எண்.* வழக்கமாக உரமோ கருவியோ வாங்கும் இடத்திலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று அஞ்சல் வரும். பழைய எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்காமல் ஒரு பைசா போடக் கூடாது.

முகவரியை எப்படிப் படிப்பது?

இணைய முகவரியை வலது கோடியிலிருந்து படிக்க வேண்டும். அரசுத் தளம் "டாட் கவ் டாட் இன்" என்று முடியும், இல்லையென்றால் "டாட் நிக் டாட் இன்". "கிசான்" என்ற சொல்லுக்குப் பின்னால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு போட்டு ஏமாற்றுவார்கள். முன்னால் என்ன பெயர் இருந்தாலும் முடிவுதான் கணக்கு. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் "டாட் பேங்க் டாட் இன்" என்ற தனி முடிவையே கொடுத்திருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயரைப் பார்க்காமல், அந்தப் பெயரைத் தொட்டால் வரும் முழு முகவரியைப் பாருங்கள். அரசு அலுவலகம் இலவச மின்னஞ்சலிலிருந்து பணம் கேட்டு எழுதாது.

இது எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவசரப்படுத்துகிறார்களா, பயமோ ஆசையோ காட்டுகிறார்களா, எதையாவது தொடவோ இறக்கவோ சொல்கிறார்களா? இதில் இரண்டு சேர்ந்து வந்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930-க்குக் கூப்பிடுவது. இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண். வங்கி பெயர், கணக்கு எண், எவ்வளவு, எப்போது, பரிவர்த்தனை எண் கேட்பார்கள். திருடன் பணத்தைக் கணக்கு மாற்றி மாற்றி ஓட்டுவான். அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கத்தான் இந்த ஏற்பாடு. முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். நான் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். அப்படியும் 31,000 ரூபாயை முடக்க முடிந்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அது கைக்கு வந்தது. மீதி போனது போனதுதான்.

அடுத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. நீங்களே விவரம் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் உடனே சொல்வதுதான் லாபம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான விவரம் கேட்க 14448.

போலிச் செயலியை இறக்கிவிட்டால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். பிறகு செயலியை நீக்கி, போனை முழுசாகத் துடைத்து, எல்லா பின் எண்ணையும் மாற்றுங்கள். குழுவுக்கும் இன்னொருவர் மூலம் தகவல் சொல்லுங்கள். கட்டே நோய் கண்ட தூரை யோசிக்காமல் பிடுங்குகிறோமே, அந்த வேகம் வேண்டும். விட்டால் அடுத்த தூருக்கும் ஏறும்.

எங்கள் குழுவில் இப்போது

மூன்று முடிவு எடுத்தோம். குழுவில் யார் செயலி அனுப்பினாலும் திறப்பதில்லை. அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்போம். மலையில் சிக்னல் இல்லாததால், கூலிப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அதில் யுபிஐயே இணைப்பதில்லை. யுபிஐ இருக்கும் கணக்கில் ஐந்தாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை, நாள் வரம்பையும் குறைத்துவிட்டோம். மூன்றாவது, ஏமாந்தவரை யாரும் கேலி பேசக் கூடாது.

மூன்றாவது முடிவைச் சொன்னது அந்த அண்ணன்தான். "அன்னைக்கே நான் சொல்லியிருந்தா, உன் காசாவது நின்னிருக்கும்ப்பா" என்றார். அன்றைக்குக் கூலி கொடுக்க முடியாமல் நின்றபோது, எட்டுப் பேரும் "அடுத்த வாரம் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போனார்கள். அவர்கள் வீட்டில் அந்த வாரம் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியாது. கடன் வாங்கி அடுத்த வாரம் கொடுத்தேன். இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள், இன்று சாயங்காலம் வீட்டில் உள்ளவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1930 என்ற எண்ணை ஸ்டோர் கதவில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். எங்கள் ஸ்டோர் கதவில் எழுதியிருக்கிறோம்.