நடவுக்கு முன் மண்ணைப் பண்படுத்தல்

மேல்நாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால், குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது மண்ணைக் கொத்தி எருவிட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அங்கே அது சரி. பனியில் இறுகிக் கிடந்த மண் அப்போதுதான் இளகுகிறது. நம் மலேசியாவில் வசந்தமும் இல்லை, உறைபனியும் இல்லை. இங்கே மண்ணின் போக்கை நிர்ணயிப்பது மழைதான்.

நம் நாட்டில் பல இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சுவது புளித்துப்போன செம்மண். "அப்படியானால் காடு மட்டும் எப்படிச் செழித்திருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். காட்டின் செல்வம் பெரும்பாலும் மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது. விழும் இலை விரைவில் மக்குகிறது. மக்கியதை மேலாகப் பரவியிருக்கும் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்தை வெட்டிவிட்டால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும்.

இதை நம் முன்னோர் கைகளாலேயே அறிந்தார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல பராமரிப்பு என்று துரைமார்கள் எண்ணினார்கள். சங்கோல் பிடித்துச் சுரண்டியவர்கள் நம்மவர்கள். குன்றுச் சரிவுகளின் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போன பிறகுதான், மரங்களுக்கிடையே மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கும் வழக்கம் பரவியது. வீட்டுத் தோட்டத்திலும் இன்றுவரை பலர் அதே பிழையைச் செய்கிறோம். கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை பார்க்க அழகுதான். செடிக்கு அது உகந்ததன்று.

முதலில் மண்ணின் புளிப்பைக் கவனியுங்கள். செண்டுடோக் செடியும் லாலான் புல்லும் தாமாக மண்டிக் கிடந்தால், அது பெரும்பாலும் புளித்த மண். இத்தகைய மண்ணின் பி.எச். அளவு பல இடங்களில் 4-க்கும் 5-க்கும் இடையே இருக்கும். காய்கறிகளுக்கோ 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். புளிப்பு மிகுந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து, வேர் நுனிகளைக் கெடுத்துவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் செடி குட்டையாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மருந்து, விவசாயக் கடைகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூள். நான்கடி அகலம், பத்தடி நீளமுள்ள பாத்திக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூவி, அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். மூன்று வாரமாவது விட்டு வையுங்கள். அதிகம் போட்டால் விரைவில் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் வேறு சத்துகள் செடிக்குக் கிடைக்காமற் போகும்.

அடுத்தது எரு. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. முதன்முதலாக வீட்டின் பின்புறம் மிளகாய் போட்டபோது, பச்சைக் கோழி எருவை மூட்டையிலிருந்து அப்படியே கொட்டி, மறுநாளே நாற்று நட்டேன். ஒரு வாரத்துக்குள் இலை ஓரங்கள் கருகின. முப்பது நாற்றில் நான்குதான் பிழைத்தன. ஈத்தொல்லை வேறு, அண்டை வீட்டார் முகத்தில் விழிக்க முடியவில்லை. கோழி எரு வீரியமானது. மக்குவதற்குள் அதிலிருந்து எழும் அம்மோனியாவும் உப்பும் இளம் வேரைச் சுட்டுவிடும். இன்னொன்று, சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும்.

எருவை வீட்டிலேயே மக்கவைக்கலாம். காய்ந்த இலை, புல் இரண்டு மூன்று பங்கு. சமையலறைக் கழிவும் கோழி எருவும் ஒரு பங்கு. மழை நேரே விழாதபடி அத்தாப்போ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் பக்குவமாகிவிடும். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. சூடு ஆறி, கறுத்து, மழை பெய்த காட்டு மண்போல் மணத்தால் எடுக்கலாம். பாத்தியை ஓரடி உயரம் மேடாக்கி, இதை இரண்டு அங்குலம் பரப்பிக் கலந்து, மேலே காய்ந்த புல்லை மூடி, ஒரு வாரம் கழித்து நடுங்கள்.

கிழக்குக் கரை நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பரில் தொடங்கும் பெருமழைக்கு முன்னால் எருவிட்டால், அது கடலுக்குத்தான் போகும். மழை ஓய்ந்து தரை காலில் ஒட்டாமல் வரும்வரை பொறுத்திருங்கள். உங்களுக்கு அதுதான் வசந்தம். எருக் குவியலை மட்டும் மழைக்காலத்திலேயே, மேட்டுப்பாங்கான இடத்தில் மூடிவைத்துத் தொடங்கிவிடலாம்.