மகளாகப் பிறந்த அப்பா

சீனாவின் ஷான்டோங் கடலோரப் பண்ணைகளில் ஒருவகை நாக்கு மீன் வளர்க்கிறார்கள். நம் கடலில் அகப்படும் நாக்கு மீனின் நெருங்கிய சொந்தம். தட்டை உடம்பு, இரண்டு கண்ணும் ஒரே பக்கம். வளர்ந்த பெண் மீன் ஆணைவிட 2 முதல் 4 மடங்கு பெரிதாகும். பண்ணைக்காரருக்குப் பெண் மீன்தான் காசு. ஆனால் தொட்டிகளில் ஆண்களே பெருகின.

இந்த மீனுக்குக் கோழிக்கு உள்ளதுபோன்ற குரோமோசோம் கணக்கு. இரண்டு இசட் இருந்தால் ஆண். ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் இருந்தால் பெண். பிறப்பில் பெண்ணான குஞ்சுகளிலும் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆணாக மாறிவிடும். இளம்பருவத்தில் தண்ணீரை 28 டிகிரிக்குச் சூடாக்கினால் இது 73 விழுக்காடாகிறது. இப்படி மாறியவை ‘போலி ஆண்கள்’. பெயர்தான் போலி, விந்து உண்டு, சந்ததியும் உண்டு.

வியப்பு அடுத்த தலைமுறையில்தான். போலி ஆணுக்குப் பிறந்த மகள்களைச் சூடே காட்டாமல் வளர்த்தாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆணாகின்றன!

காரணத்தின் ஒரு பகுதியை 2014இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். டிஎன்ஏவின் எழுத்துகள் மாறவில்லை. அவற்றின்மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் மாறியிருந்தன. விந்தகத்தை உருவாக்கும் டிஎம்ஆர்டி1 மரபணு, பெண்ணின் சினைப்பையில் மெத்தில் அப்பி அடங்கிக் கிடக்கும். போலி ஆணில் அந்தப் பூட்டு கழன்றிருக்கிறது. தந்தையின் மெத்தில் குறிகள் பெரும்பாலும் அப்படியே பிள்ளைகளிடமும் இருந்தன. இதுதான் எபிஜெனெடிக் மரபுரிமை.

மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளின் கருவில் இக்குறிகள் பெருமளவு அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. வரிக்குதிரை மீனின் கருவோ தந்தையின் குறிகளை வைத்துக்கொண்டு, தாயின் குறிகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. எல்லா மீனும் அப்படியல்ல. ஜப்பானின் மெடாகா அழித்துத்தான் எழுதுகிறது.

எல்லாம் மெத்தில் செய்த வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. இசட் குரோமோசோமில் உள்ள ஒற்றை எழுத்து வேறுபாடும் பால்மாற்றத்தோடு பிணைந்திருப்பது பின்னர் தெரியவந்தது. பழைய பாணி மரபும் கூடவே இருக்கிறது.

ஐரோப்பியக் கடல் பாஸ் மீனிலும் குஞ்சுப்பருவச் சூடு ஆண்களைப் பெருக்குகிறது. அங்கே மெத்தில் ஏறுவது ஈஸ்ட்ரோஜன் தயாரிக்க உதவும் அரோமடேஸ் மரபணுவில். ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது.

ஆகவே பொரிப்பகத்தில் தண்ணீரின் சூட்டை மட்டும் கவனித்தால் போதாது. போலி ஆணும் அசல் ஆணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எந்த ஆணை இனப்பெருக்கத் தொட்டியில் விடுவது என்பதை மரபணுச் சோதனை செய்துதான் முடிவெடுக்க வேண்டும்.